மலாயாவின் மெர்டேக்காவும் பிரசாவுரிமையும்

யாழ்ப்பாணத்தவருக்கு மலாயா நெடுங்காலம் ஒரு நாடாகத் தோன்றவில்லை. ஓர் உத்தியோகமாகவே தோன்றியது. "மலாயாவுக்குப் போனவர்", "மலாயாப் பென்சன்காரர்", "மலாயாக் காசிற் கட்டிய வீடு" என்னும் வழக்குகள் நம் ஊர்களில் இன்னும் முற்றாக மறைந்தில. மாதந்தோறும் வந்த காசுக்கட்டளையை எண்ணிப் பார்த்த அளவுக்கு, அக்காசு வந்த நாட்டில் நடந்த அரசியலை நம் முன்னோர் எண்ணிப் பார்த்தாரல்லர். அந்நாடு 1957 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆந் தேதி சுதந்திரம் பெற்றது. 1963 இல் சிங்கப்பூர், சபா, சரவாக் என்பவற்றோடு கூடி மலேசியா ஆயிற்று. சிங்கப்பூர் 1965 இற் பிரிந்து போயிற்று. இக்கட்டுரை அவற்றிற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றியது. யப்பானியர் சரணடைந்த 1945 இலிருந்து, மலாய் மொழியில் மெர்டேக்கா எனப்படும் விடுதலை வந்த 1957 வரை உள்ள காலம் அது.

அடிமை நாடுகளின் வரலாற்றை, ஆங்கிலேயர் எப்போது வெளியேறினர் என்னும் ஒரே வினாவுக்கு விடையாகப் படிப்பது மாணவர் வழக்கம். மலாயாவைப் பொறுத்தவரை அவ்வினா அத்துணைக் கடினமானதன்று. அவர்கள் போனபின் அந்நாட்டுக்கு உரியவர் யார் என்பதே அங்கே கடினமான வினா. அதற்கு விடை காண்பதிலேயே அப்பன்னீராண்டும் கழிந்தன. இலங்கையர்க்கு இவ்வினா புதியதன்று. ஆதலின் மலாயர் கண்ட விடையை நாம் அறிதல் பயனுடையது.

போருக்கு முன் மலாயா ஒரே நாடாக இருந்ததில்லை. சுல்தான்களின் இராச்சியங்கள் ஒன்பது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என ஆங்கிலேயரின் நேர் ஆட்சிக்கு உட்பட்ட துறைமுகக் குடியேற்றங்கள் மூன்று. சுல்தான்களுக்குத் தாம் ஆலோசகர் மாத்திரமே என்று ஆங்கிலேயர் சொல்லிக்கொண்டனர். ஆலோசனையைத் தட்டிய சுல்தான் நிலைத்ததில்லை. ஈயமும் றப்பருமே நாட்டின் செல்வம். ஈயச் சுரங்கத்திலும் பட்டினக் கடைகளிலும் சீனர்; றப்பர்த் தோட்டங்களிலே தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்; நெல்வயலிலும் கம்போங் எனப்படும் கிராமங்களிலும் மலாயர். ஒவ்வொரு சமூகமும் தனித்தனி மொழியில், தனித்தனிப் பாடசாலையில், தனித்தனிச் சந்தையில் வாழ்ந்தது. 1957 இல் எடுத்த குடிமதிப்பின்படி சமஷ்டியின் மக்கட்டொகை ஏறத்தாழ 62 இலட்சத்து 78 ஆயிரம். அவருள் மலாயர் பாதியளவினர்; சீனர் நூற்றுக்கு 37 பேர்; இந்திய வமிசத்தவர் நூற்றுக்கு 11 பேர். தம் நாட்டிலே தாம் அரைப்பங்கினர் என்பது மலாயரின் அச்சம். உழைத்து உருவாக்கிய நாட்டிலே தமக்குப் பங்கில்லை என்பது ஏனையோரின் குறை. இரண்டுமே உண்மை என்பதை மறத்தலாகாது.

நம்மவர் அங்கே சென்றது பிறிதொரு வழியால். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு முதலாவது புகையிரதம் 1885 இல் ஓடியது. புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, தபாற்பகுதி, பொதுவேலைப் பகுதி ஆகியவற்றிற்கு ஆங்கிலம் கற்ற இலிகிதரும் நிலைய அதிபரும் வேண்டியிருந்தனர். யாழ்ப்பாணத்திலே மிசனரிமாரும், அவர்க்கு எதிராக எழுந்த சைவப் பெருமக்களும் போட்டியிட்டு நிறுவிய பாடசாலைகள் அத்தகையோரை ஆண்டுதோறும் அனுப்பிக்கொண்டிருந்தன. கோலாலம்பூரின் பிறிக்ஃபீல்ட்ஸ் பகுதியிற் கந்தசுவாமி கோயிலும் விவேகானந்த ஆச்சிரமமும் எழுந்தமை அவர்கள் முயற்சியால். ஆயினும் அவர்களிற் பெரும்பாலார் நினைவு ஊரிலேயே இருந்தது. காணி வாங்கியது ஊரில். மகளுக்குச் சீதனம் கொடுத்தது ஊரில். பென்சன் எடுத்தபின் திரும்பியதும் ஊருக்கே.

தோட்டத்துத் தமிழர் நிலை வேறு. அங்கே துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்று படிகள் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்தல், பின்னர் நிரைநிரையாய் நின்ற மரங்களிற் பால்வெட்டுதல், நண்பகலிற் பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்தல், மாலையிற் கள்ளுக்கடை. ஒரு தலைமுறையின் வாழ்நாள் முழுதும் இவ்வட்டத்துள் அடங்கும். கணக்கெழுதிய கிராணிமாரிலே யாழ்ப்பாணத்தவரும் மலையாளத்தவரும் மிகுதி. 1941 இற் கிள்ளான் பகுதித் தோட்டங்களிற் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. சம்பள உயர்வோடு தொழிலாளர் கேட்டவற்றுள் இரண்டு நம் கவனத்துக்குரியவை. துரையையோ கிராணியையோ எதிரிற் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பது ஒன்று. கொடுமை செய்யும் தோட்ட உத்தியோகத்தரை நீக்குதல் வேண்டும் என்பது மற்றொன்று. அரசாங்கம் இராணுவத்தை அனுப்பியது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். தலைவருள் ஒருவராகிய ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். சைக்கிளிலிருந்து இறக்கி மரியாதை வாங்கியவருள் நம்மூரவரும் இருந்தனர் என்பதை நாணத்தோடன்றி எழுத இயலவில்லை. தமிழர் என்ற ஒரு பெயர் அங்கே இரு கூட்டத்தாரைக் குறித்தது.

1941 டிசெம்பர் 8 இல் யப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15 இற் சிங்கப்பூர் வீழ்ந்தது. பினாங்கிலிருந்து வெள்ளையரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு, நகர மக்களைக் குண்டுவீச்சுக்கு விட்டுச் சென்ற செய்தி நாடெங்கும் பரவியது. ஆட்சியாளர் மேல் இருந்த மதிப்பு அன்றே போயிற்று எனலாம். அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுத் துன்பத்தில் தோட்டத் தமிழர் பட்டதே பெரும்பாடு. சீயம் பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வாந்திபேதியாலும் பட்டினியாலும் காட்டில் மாண்டோர் பல்லாயிரவர். அதே காலத்திற் சுபாஷ் சந்திர போஸ் 1943 இற் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தைத் திரட்டினார். பால்வெட்டிய பெண்கள் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அப்படை போரில் வென்றதா என்பது வேறு விடயம். துரைக்கு முன் தலை குனிந்தவர் நிமிர்ந்து நடக்கக் கற்றனர். 1945 இல் ஆங்கிலேயர் திரும்பியபோது, அவர்கள் விட்டுச் சென்ற தொழிலாளி அங்கே இல்லை.

திரும்பியவர்களிடம் இலண்டனில் வரைந்த ஒரு திட்டம் இருந்தது. சிங்கப்பூரைத் தனியாக விட்டு, ஒன்பது இராச்சியங்களையும் பினாங்கு, மலாக்கா என்பவற்றையும் மலாயா ஐக்கியம் என்ற ஒரே ஆட்சியாக்குவது. சுல்தான்களின் இறைமையை ஆங்கில முடிக்கு மாற்றுவது. அங்கே பிறந்தவர்க்கும் பத்தாண்டு வதிந்தவர்க்கும் இனவேறுபாடின்றிப் பிரசாவுரிமை அளிப்பது. சேர் ஹெறல்ட் மக்மைக்கல் என்பார் 1945 ஒக்டோபர் முதல் சுல்தான்களை ஒருவர்பின் ஒருவராகக் கண்டு கையொப்பம் வாங்கினார். யப்பானியரோடு ஒத்துழைத்தீர் என்ற பழி எங்கே வந்துவிடுமோ என்று அஞ்சியிருந்த சுல்தான்கள் மறுத்துப் பேசத் துணியவில்லை. செய்தி வெளியானதும் மலாயர் கொதித்தெழுந்தனர். 1946 ஏப்பிரல் முதலாந் தேதி ஐக்கியம் தொடங்கியபோது, தேசாதிபதி சேர் எட்வர்ட் ஜெண்ட் பதவியேற்ற விழாவுக்குச் சுல்தான் ஒருவரும் செல்லவில்லை. மலாயர் தம் சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றி ஏழு நாள் துக்கம் காத்தனர். மே மாதம் 11 ஆந் தேதி ஜொகூர்பாருவில் டத்தோ ஓன் பின் ஜாபார் தலைமையில் ஐக்கிய மலாயர் தேசிய இயக்கம், அதாவது அம்னோ, பிறந்தது. அதுவரை இராச்சியம் இராச்சியமாகப் பிரிந்திருந்த மலாயர் ஒரே மக்களாய்த் திரண்டது சுதந்திரம் கேட்டற்கன்று, பிரசாவுரிமையை எதிர்த்தற்கே.

இதில் வியப்பு யாதெனின், அத்திட்டத்தால் நன்மை பெறவிருந்த சீனரும் தமிழரும் அதனைக் காக்க ஒரு விரலும் அசைத்தாரல்லர். சீனர் கண் சீனத்திலும், இந்தியர் கண் விடுதலையை நெருங்கிய இந்தியாவிலும், நம்மவர் கண் யாழ்ப்பாணத்திலும் இருந்தன. 1946 ஓகஸ்டில் மலாயா இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முதற்றலைவர் ஜோன் திவி. அவரே 1947 இல் மலாயாவுக்கு இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். மலாயா இந்தியரின் தலைவர் இந்தியாவின் தூதுவராகலாம் என்பதில் அன்று ஒருவருக்கும் முரண் தோன்றவில்லை. இதைவிட அக்கால மனநிலைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கேட்பவர் இல்லாத உரிமையை அரசாங்கம் திரும்பப் பெற்றது. 1948 பெப்ரவரி முதலாந் தேதி ஐக்கியம் ஒழிந்து மலாயா சமஷ்டி வந்தது. சுல்தான்களின் இறைமை மீண்டது. சுல்தானின் குடிகளாகிய மலாயர் தாமே பிரசைகளாயினர். ஏனையோருள் தாமும் தந்தையும் அங்கே பிறந்தவர் போன்ற சிலர்க்கு வழி இருந்தது; வெளிநாட்டிற் பிறந்து வந்தோர் பதினைந்து ஆண்டு வதிவும், மலாய் அல்லது ஆங்கில அறிவும் காட்டி விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. இவ்வேற்பாட்டை எதிர்த்து, தான் செங் லொக் முதலியோர் மலாய இடதுசாரிக் கட்சிகளோடு கூடி மக்கள் யாப்பு ஒன்றை 1947 இல் வரைந்தனர். எல்லா இனத்தாரும் ஒரே தேசத்தவர், அத்தேசத்தவருக்கு 'மெலாயு' என்பதே பெயர் என்று அது கூறிற்று. 1947 ஒக்டோபர் 20 இல் நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. அரசாங்கம் அசையவில்லை.

அதே 1948 பெப்ரவரியில், மூன்று நாள் கழித்து, இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடியுமுன் நம் பாராளுமன்றம் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலைநாட்டுத் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1947 இற் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகள் எழுவரை அனுப்பிய மக்கள் அவர்கள். மலாயாவிலே கதவு சிறிது திறந்து, பின் பெரும்பாலும் சாத்தப்பட்டது, ஆயினும் பூட்டப்படவில்லை. இங்கோ திறந்திருந்த கதவு பூட்டப்பட்டது. இவ்விரண்டு நாடுகளின் வழியும் பிரிந்த இடம் இதுவே என்பது என் கருத்து.

மலாயாவிற் பூட்டு விழாமைக்கு ஒரு காரணம் காட்டிலே பிறந்தது. 1948 யூன் 16 இற் பேராக் இராச்சியத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டொரு நாளில் அவசரகால நிலை நாடு முழுதும் விரிந்தது. யப்பானியரை எதிர்த்துக் காட்டிற் போராடிய பொதுவுடைமைக் கட்சியினர், சின் பெங் தலைமையில், இப்போது ஆங்கிலேயரை எதிர்த்து மீண்டும் காட்டுக்குள் சென்றனர். பன்னிரண்டு ஆண்டு நடந்த இப்போரைப் போர் என்று அரசாங்கம் ஒருபோதும் சொல்லவில்லை. போர் என்றால் இலண்டன் காப்புறுதிக் கம்பனிகள் தோட்டங்களுக்கு நட்டஈடு கொடா என்பதே காரணம் என்பர்.

அக்காலத்து அன்றாட வாழ்வை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். காட்டோரத்திற் குடியிருந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், லொறிகளில் ஏற்றப்பட்டு, முள்வேலியிட்ட நானூற்றுக்கு மேற்பட்ட புதுக்கிராமங்களில் வைக்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்திற் சேர்த்து வேலியடைக்கப்பட்டன. போராளிகளுக்கு உணவு எட்டாதிருத்தற் பொருட்டு அரிசி அளந்து கொடுக்கப்பட்டது; பால்வெட்டச் செல்வோர் மதிய உணவு கொண்டுபோகத் தடை விதிக்கப்பட்ட இடங்களும் உண்டு. வாயிலில் ஆணும் பெண்ணும் சோதிக்கப்பட்டனர். 1951 ஒக்டோபரில் உயர் ஸ்தானிகர் சேர் ஹென்றி கர்ணியே மலைப்பாதையிற் பதுங்கியிருந்தோரால் கொல்லப்பட்டார். பின் வந்த சேர் ஜெரல்ட் டெம்ப்ளர், 1952 இல் தஞ்சோங் மாலிம் ஊரருகே நடந்த ஒரு தாக்குதலுக்குத் தண்டனையாக அவ்வூர் முழுவதற்கும் நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணிநேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கையும் குறைத்தார். இதே டெம்ப்ளர்தாம் மக்களின் உள்ளத்தை வெல்லவேண்டும் என்று ஓயாது பேசியவர்.

தொழிற்சங்கங்கள் முதற் பலியாயின. மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி என்னும் தமிழர், துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 ஆந் தேதி கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசாங்கத்தின் வேண்டுகோளும் பயனளிக்கவில்லை. அதற்கு முதல்நாள் அவருடைய தோழர் பி. வீரசேனன் சுடப்பட்டு இறந்தார். தோட்டத் தொழிலாளர் தமக்குள் தோற்றுவித்த ஒரு தலைமை இரண்டு நாளில் அழிந்தது. பின்னர் 1954 இற் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாகி, பி. பி. நாராயணனைப் பொதுச் செயலாளராகக் கொண்டது. அது பொறுமையாய்ப் பேசிச் சம்பளம் வாங்கிய சங்கம். முன்னையோர் கேட்ட அளவு கேட்கவில்லை. குறை சொல்வதற்கில்லை, தூக்குமேடையைக் கண்டவர் குரல் தாழ்த்திப் பேசுவது இயல்பு.

பூட்டு விழவில்லை என்றேன். அதன் தொடர்பு இதுதான். காட்டிலிருந்த போராளிகளிற் பெரும்பாலார் சீனர். நாட்டுக்கு உரியவரல்லர் என்று சீனரைத் தள்ளிவைத்துக்கொண்டே, நாட்டுக்காகப் பொதுவுடைமையரைக் காட்டிக்கொடுங்கள் என்று அவர்களைக் கேட்க இயலாது. இதனை ஆங்கிலேயரும் உணர்ந்தனர். டத்தோ ஓன் முதலிய மலாயத் தலைவரும் உணர்ந்தனர். 1949 இற் சமூகங்களின் தலைவர்கள் மூடிய கதவுக்குள் இருந்து பேசுவதற்குச் சமூகத் தொடர்புக் குழு ஒன்று அமைந்தது. மலாயரும் சீனரும் ஒருவரையொருவர் நம்பாத அவ்வேளையில், இருவரும் ஏற்ற தலைவராக அமர்ந்தவர் யாழ்ப்பாணத் தமிழ் வமிசத்தவராகிய ஈ. ஈ. சி. துரைசிங்கம். கூட்டம் சிறிதாயிருப்பதாலும் ஒரு நன்மை உண்டு போலும். அவரால் அஞ்ச வேண்டியது யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் 1951 இற் கல்விப் பொறுப்புள்ள அங்கத்தவராகவும் நியமனம் பெற்றார். அக்குழுவின் பேச்சுக்களிலிருந்தே 1952 இற் பிரசாவுரிமை விதிகள் தளர்ந்தன. சமஷ்டியிற் பிறந்த தாய் அல்லது தந்தையின் பிள்ளை அங்கேயே பிறப்பின், அப்பிள்ளை பிரசை ஆயிற்று. ஒரு தலைமுறை பிந்தி வந்த நீதி எனினும், வந்தது.

டத்தோ ஓன் அம்னோவின் வாயிலை எல்லா இனத்தாருக்கும் திறக்கவேண்டும் என்றார். கட்சியார் உடன்படாமையால் 1951 இல் வெளியேறி, எல்லா இனத்தாருக்கும் பொதுவான மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். கொள்கையளவில் அதனினும் சிறந்த கட்சி அன்று இல்லை. மலாயா இந்தியக் காங்கிரசும் அதனையே ஆதரித்தது. ஆனால் 1952 பெப்ரவரியிற் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தல் வந்தபோது, அம்னோவின் உள்ளூர்க் கிளையும் மலாயா சீனர் சங்கமும் அவசரமாய் ஒரு கூட்டுச் சேர்ந்து, 12 ஆசனங்களில் 9 ஐக் கைப்பற்றின. ஓனின் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு. தத்தம் சமூகத்தை விடாமலே கை கோத்தவர் வென்றனர்; சமூகத்தைக் கடந்துவரச் சொன்னவர் தோற்றார். மலாயாவின் பிற்கால அரசியல் முழுதும் இவ்வொரு நகரசபைத் தேர்தலின் அச்சில் வார்க்கப்பட்டதென்றால் மிகையாகாது. அம்னோவின் தலைவரான துங்கு அப்துல் ரகுமான் இதனை விரைவிற் கண்டுகொண்டார். 1954 இல் இந்தியக் காங்கிரசும் கூட்டணியில் மூன்றாவதாகச் சேர்ந்தது.

1955 யூலை 27 இல் நடந்த முதற் பொதுத்தேர்தலிற் கூட்டணி 52 ஆசனங்களில் 51 ஐ வென்றது. வாக்காளரில் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் மலாயர். பிரசாவுரிமை பெற்ற சீனரும் இந்தியரும் அத்துணைச் சிலர். அப்படியிருந்தும் கூட்டணி நிறுத்திய வேட்பாளருள் 15 பேர் சீனர், இருவர் இந்தியர். மலாய வாக்காளர் அவர்களையும் வெல்லச் செய்தனர். இதனை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாண்டே இந்தியக் காங்கிரசின் தலைவரான வி. தி. சம்பந்தன், அவசரகாலம் தொடங்கிய சுங்கை சிப்புட்டிலே பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர், தொழில் மந்திரியானார். டிசெம்பர் 28, 29 ஆந் தேதிகளிற் பாலிங் என்னும் ஊர்ப் பாடசாலையொன்றில் துங்கு, தான் செங் லொக், சிங்கப்பூர் முதல்வர் டேவிட் மார்ஷல் ஆகியோர் சின் பெங்கோடு பேசினர். பேச்சு முறிந்தது, ஆயினும் உள்நாட்டுப் பாதுகாப்புப் பொறுப்பு மலாயர் அரசாங்கத்துக்கு வரவேண்டும் என்ற துங்குவின் வாதம் அங்கே வலுப்பெற்றது. 1956 தொடக்கத்தில் இலண்டன் மாநாடு 1957 ஓகஸ்டில் சுதந்திரம் என்று ஒத்துக்கொண்டது.

எஞ்சியது யாப்பு. அதனை வரைய றீட் பிரபு தலைமையில் ஐவர் நியமனம் பெற்றனர். அவருள் ஒருவரை இலங்கையர் நன்கறிவர். அவரே நம் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். இலங்கை சுதந்திர யாப்பின் உருவாக்கத்திலே டி. எஸ். சேனநாயக்காவுக்கு அருகிருந்து அறிவுரை கூறியவரும் அவரே. இலங்கை யாப்பிற் பிரசை யார் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அது பாராளுமன்றத்தின் சாதாரண பெரும்பான்மைக்கு விடப்பட்டது. அப்பெரும்பான்மை செய்ததை மேலே கண்டோம். மலாயா யாப்பிலோ பிரசாவுரிமைக்கென்றே ஒரு தனிப்பகுதி எழுதப்பட்டது; அதனை மாற்றச் சபையின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மெர்டேக்கா நாளிலும் அதன் பின்னும் அந்நாட்டிற் பிறக்கும் பிள்ளை, பெற்றோர் யாராயினும், பிறப்பினாலேயே பிரசை என்று அது விதித்தது. முன்னரே அங்கு பிறந்தவர் ஐந்து ஆண்டு வதிவும், வெளியிற் பிறந்தவர் எட்டு ஆண்டு வதிவும் காட்டிப் பதிந்துகொள்ளலாம். மலாய் மொழிச் சோதனையும் முதலாண்டில் விண்ணப்பித்தோர் பலருக்குத் தளர்த்தப்பட்டது.

இது தானமாய் வந்ததன்று, பண்டமாற்றாய் வந்தது. மலாயருக்குக் காணி, அரசாங்க உத்தியோகம், உபகாரச் சம்பளம், வியாபார அனுமதி என்பவற்றில் விசேட நிலை. மலாய் தேசிய மொழி. இஸ்லாம் சமஷ்டியின் மதம். ஆங்கிலத்துக்குப் பத்தாண்டுத் தவணை. இவற்றைச் சீனரும் இந்தியரும் ஒப்புக்கொண்டனர்; பிறப்புரிமையை அம்னோ ஒப்புக்கொண்டது. விசேட நிலையைப் பதினைந்து ஆண்டின் பின் மீளாய்வு செய்யவேண்டும் என்று றீட் குழு கூறியிருந்தது. பின்னர் நடந்த பேச்சில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. பேரத்தில் இரண்டு வேட்பாளர்க்கு மேற்பட்ட பலமில்லாத இந்தியர் சொல் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1962 இல் யாப்புத் திருத்தப்பட்டு, பிறப்புரிமைக்குப் பெற்றோரின் பிரசாவுரிமை அல்லது நிரந்தர வதிவு என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. இத்தகைய விடயங்களிற் பாராளுமன்றத்திலே ஓயாது வாதிட்டவர் ஈப்போவின் டி. ஆர். சீனிவாசகம், அவரும் யாழ்ப்பாண வமிசத்தவர்.

1957 ஓகஸ்ட் 30 ஆந் தேதி நள்ளிரவில் கோலாலம்பூர் மைதானத்தில் ஆங்கிலக் கொடி இறங்கிற்று. மறுநாட் காலை புதிய அரங்கில் துங்கு "மெர்டேக்கா" என்று ஏழு முறை முழங்கினார்.

பதிவுக் கந்தோர்கள் திறந்த அவ்வாண்டிலேதான் இரு கூட்டத்துத் தமிழரின் வழியும் முற்றாகப் பிரிந்தது. இலிகிதர், ஆசிரியர், நிலைய அதிபர் ஆகியோரிடம் பிறப்புப் பத்திரம், நியமனக் கடிதம், சம்பளக் கொப்பி எல்லாம் ஒழுங்காய் இருந்தன; விரும்பியவர் பதிந்தனர், விரும்பாதவர் பென்சனோடு ஊர் வந்தனர். தோட்டத் தொழிலாளியிடம் இருந்தது அடையாள அட்டை ஒன்று. பிறப்புப் பதியாதோர் பலர். பதிந்தோரின் பெயரும் கிராணி எழுதிய ஆங்கில எழுத்தில் ஒருவாறாகவும், அட்டையில் வேறொருவாறாகவும் இருந்தது. கந்தோர் பட்டினத்தில், ஒருநாட் போனால் ஒருநாட் சம்பளம் இல்லை. இந்தியாவுக்கே திரும்புவோம் என்று எண்ணியிருந்தோரும் உண்டு. தொழிற்சங்கத்தாரும் தமிழ்ப் பத்திரிகைகளும் பதியுங்கள் என்று கூறிய குரல் எல்லா லயங்களுக்கும் எட்டவில்லை. மெர்டேக்காவின் பின் வெள்ளைக் கம்பனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சம்பந்தன் 1960 இற் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நிறுவி, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அவர் செய்தவற்றுள் அதுவே நிலைத்த பணி.

1969 மே 13 ஆந் தேதிக் கலவரத்துக்குப் பின், பிரசை அல்லாதோர் வேலை செய்ய அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற விதி இறுக்கமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் பதியத் தவறியோர் பல்லாயிரவர் வேலை இழந்து, தந்தையரைக் கொண்டுவந்த இராஜுலாக் கப்பலிலேயே நாகபட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பினர். மலாயாவிற் பிறந்து, தமிழ்நாட்டைக் கண்டறியாதோரும் அவருள் இருந்தனர். இலங்கையிலோ 1964 இல் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரை இரு பிரதமர்கள் பங்கிட்டனர். நாடற்ற நிலையை நீக்கும் முயற்சி 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது.

மலாயாவில் உத்தியோகம் பார்த்த பழைய மாணவர் பலர் வீடுகளிலே பெட்டியடியில் அக்காலத்துக் கடிதங்கள், அடையாள அட்டைகள், 1957 ஆம் ஆண்டுப் பதிவுப் பத்திரங்கள், தோட்டக் கணக்குப் புத்தகங்கள் முதலியன இன்னும் கிடத்தல் கூடும். போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தவை போக எஞ்சியவற்றைக் கல்லூரி நூல்நிலையத்துக்குத் தருவாராயின், அல்லது படியெடுக்க இடந்தருவாராயின், உயர்வகுப்பு மாணவரைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தி வைக்கும் பொறுப்பை யான் ஏற்பேன்.